வலைக்குள் வந்த ஈ

மையித்துக் குளிப்பாட்டுகிறவளுக்குக் கண் இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. இந்த வேலையின் முதல் சட்டம் அதுதான். உயிர் போய் மௌத்தானவரின் உடம்பில் எந்தக் குறையைக் கண்டாலும், சுற்றி அடக்கும் கபன் துணியோடு சேர்த்து அதையும் அடக்கிவிட வேண்டும். அப்படி மறைப்பவளின் பாவங்களை அல்லாஹ் மன்னிக்கிறான். கிண்ணியாவில் பதினெட்டு வருடமாக நான் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டி வருகிறேன். யாருடைய முதுகில் சூட்டுத் தழும்பு இருந்தது, யாருடைய காலில் எத்தனை விரல் என்று ஒருவரும் என் வாயைப் பிடுங்கியதில்லை. பிடுங்க வந்தவர்கள் நன்றாக ஏச்சு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஏசுவதில் எனக்குக் குறைவில்லை. கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருக்கும் கைம்பெண் ஏசத் தெரியாமல் ஒரு வாரம்கூடப் பிழைக்க முடியாது. பயம்தான் எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். போன நவம்பரில், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அதுவும் தெரியவந்தது. சட்டத்தை மீறி இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சொல்லாமல் விட்டதைப் பற்றிய கதை என்பதால் சொல்கிறேன். இதில் வரும் பேர்கள் எதுவும் நிசமான பேர்கள் அல்ல, றஹ்மா என்ற என் பேரைத் தவிர.

அன்று மௌத்தானவர் நஜ்முன் நிஸா. பாரிசவாதம் வந்து இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். பேச்சும் அதோடு போயிற்று. மகன் அஷ்பாக் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் சாரதி வேலை. மருமகள் ஹுஸ்னியாதான் எல்லாம் பார்த்தாள். எல்லாம் என்றால் ஒரு நோயாளி அல்ல, இரண்டு நோயாளி. நஜ்முன் நிஸாவின் மகள் பஸ்னாவுக்கு இருபத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே கை கால் வழங்காது, பேச்சு வராது. “ம்ம்” என்ற ஒரு சத்தம் மட்டும்தான். பின்னறை மழைக்கு ஒழுகுவதால் உம்மாவின் கட்டிலையும் மகளின் கட்டிலையும் முன் ஹோலிலேயே போட்டு, இரண்டுக்கும் நுளம்பு கடிக்காமல் வலை கட்டியிருந்தார்கள். கடைசி நாலு நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி என்று மருந்து கொடுத்தும் நிற்கவில்லையாம்.

மறைப்புக் கட்டி, மையித்தைக் கட்டிலில் கிடத்தினோம். பக்கத்து வீட்டு ஸல்ஹா தண்ணீர் ஊற்ற, நான் கழுவினேன். இரண்டு வருடம் படுத்திருந்த உடம்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகில் ஒரு புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. குதிகாலுக்கு எண்ணெய் தடவி மெத்தென்று வைத்திருந்தாள். கூலிக்கு வைத்தால்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று மருமகளை மனதுக்குள் வாழ்த்தினேன். அந்த வாழ்த்து ஒரு நிமிடம் தாங்கவில்லை.

தலைத்துணியை அவிழ்த்தேன். அதன் கீழே முடியை மூடி ஒரு பருத்தித் தொப்பி. எண்ணெயிலும் அத்தரிலும் ஊறி, தோலோடு ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்லக் கழற்றினேன். பெண் மையித்துக்குப் பின்னலை அவிழ்த்துக் கழுவி, மூன்று பின்னலாகப் பின்ன வேண்டும். இந்தப் பின்னல் தும்புக் கயிறு மாதிரி இறுகியிருந்தது. விரல் விட்டுப் பிரித்தபோது தண்ணீரோடு சின்னச் சின்னதாகக் கபில நிறத்தில் எதுவோ மிதந்து வந்தது. குளிப்பாட்டப் போட்ட இலந்தை இலைத் தூளில் கிடந்த கஞ்சல் என்று நினைத்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நகம் பட்டதும் உமி மாதிரி நொறுங்கியது.

அது என்னவென்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மாரி காலத்தில் உப்புக் குறைந்த கருவாட்டில் ஈ முட்டை போடும். முட்டையிலிருந்து வரும் புழு தின்னும் மட்டும் தின்றுவிட்டுக் காய்ந்த இடம் தேடிப் போகும். சாக்கின் மடிப்போ, மணலோ, எங்கேயாவது பதுங்கும். பிறகு அதன் தோலே இறுகிக் கூடாகிவிடும். நெல்லைவிடக் கட்டை, பேரீச்சங்கொட்டையின் நிறம். அந்தக் கூட்டுக்குள் ஏழெட்டு நாள், மழைக் குளிரென்றால் பத்து நாளும் கிடந்து, ஒரு முனையை மூடி போலத் திறந்துகொண்டு ஈயாக வெளியே வரும். ஈ உள்ளே இருக்கும் கூடு கையில் கனக்கும். போய்விட்ட கூடு ஊதினால் பறக்கும். நஜ்முன் நிஸாவின் தலையிலிருந்து வந்தவை எல்லாம் ஈ போய்விட்ட வெறும் கூடுகள்.

கணக்குப் போட எனக்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. மனுசி மௌத்தாகி ஐந்து மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. அப்படியென்றால் புழு உண்டானது அவர் உயிரோடு இருக்கும்போது. தின்றதும் அப்போதுதான். நோகுது என்று சொல்ல வாயில்லாமல், தலையைத் தூக்க ஏலாமல், அவர் அதை அனுபவித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

“ஸல்ஹா, இன்னொரு வாளித் தண்ணி கொண்டு வா புள்ள,” என்று அவளை அனுப்பிவிட்டுப் பின்னந்தலையைப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவு புண். நடுவில் வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். கற்பூரம் கலந்த பஞ்சை வைத்து அடைத்தேன். மூன்று பின்னல் பின்னினேன். கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்கி, கழுவிய நீர் போகும் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். ஸல்ஹா வாளியோடு வந்தபோது தலைக்குக் கபன் துணி சுற்றியாகிவிட்டது. ஒருவரும் ஒன்றும் காணவில்லை.

ஹுஸ்னியா கடைசியாக முகம் பார்க்க வந்தாள். “என்ட மாமி, என்ட மாமி,” என்று நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதாள். எனக்குக் கொதித்தது. ஊர் பார்க்கிற கையையும் காலையும் மினுக்கி வைத்துவிட்டு, பார்க்காத இடத்தைப் புழுவுக்குக் கொடுத்தவள் வடிக்கும் முதலைக் கண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன். அவள் மாமியின் தலையைத் தூக்கப் போனபோது, “தொடாத, கபன் கலையும்,” என்று கையைத் தட்டிவிட்டேன்.

வெளியே வரும்போது பஸ்னாவின் கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும். வலைக்குள் அவளும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியோடு கிடந்தாள். பெரிய கண்கள் என்னைப் பார்த்தன. “ம்ம்... ம்ம்...” என்று முனகிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியுமாகத் தலகாணியில் தேய்த்தாள்.

“நேத்தையிலருந்து இப்படித்தான் ராத்தா. உம்மாவத் தேடுது,” என்றாள் ஹுஸ்னியா.

நான் நின்றேன். அந்தத் தலைத்துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. அவிழ்த்துவிட்டு, ஏன் அவிழ்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? கபனுக்குள் மூடியதைக் கபனின் ஈரம் காயுமுன்னே சொல்வதா? செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பதினொரு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாடியில் மழைக்குப் பயந்து மூடி வைத்த சூடைக் கருவாட்டுக்குக் கிட்டப் போக முடியவில்லை. ஒரு புழு நெளிந்தாலும் என் பின்னந்தலை கூசும். சோற்றில் கறுத்த அரிசி கிடந்தால் பீங்கானைத் தள்ளிவிடுவேன். ஈ ஒன்று கையில் வந்து உட்கார்ந்தால், நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்கத் தோன்றும். தொழுகையில் நிற்கும்போதும் பஸ்னாவின் அந்த “ம்ம்” சத்தம் கேட்டது.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எழுந்தேன். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தேன். மறைக்கச் சொன்ன மார்க்கம், ஒரு உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லவும் இடம் தந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் றஹ்மா மையித்தில் கண்டதை வெளியே சொல்கிறாள் என்று ஒரு பேர் வந்துவிட்டால், அடுத்த மையித்தை யார் என் கையில் தருவார்கள்? உலைமூடி கொண்டு ஊர் வாயை மூட ஏலாது. இந்தக் கையால்தான் எனக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. மார்க்கத்தை முன்னால் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது என் பயம். உண்மையைச் சொன்னால், மார்க்கம் பத்து வீதம், மானம் தொண்ணூறு வீதம்.

இரண்டு தடவை அந்த வீட்டுப் பக்கம் போனேன். இரண்டு தடவையும் ஹுஸ்னியா கிணற்றடியில் படுக்கை விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகிப் போயிருந்தாள். “பஸ்னா சுகமா?” என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். “ஓம் ராத்தா, அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. மழை விட்டு வெயில் எறித்தது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்று நின்றது. நான் கருவாடு காயும் பரண்களில் மூடியிருந்த தறப்பாளை இழுத்துக்கொண்டிருந்தேன். ஹுஸ்னியா ஓடி வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“ராத்தா, எனக்குப் பயமா இரிக்கி. சொன்னா என்னப் பைத்தியம் எண்டுவீங்க,” என்றாள்.

“முதல்ல இரி. மூச்ச விடு. பிறகு பைத்தியமா இல்லையா எண்டு நான் சொல்றன்.”

அவள் உட்காரவில்லை. “வலைக்குள்ள ஈ வருது ராத்தா. மாமி மௌத்தாகிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம் மாமிட வலைக்குள்ள வந்திச்சு. வலைய நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழ செருகி, ஒரு ஓட்டையும் இல்லாம நானே பாக்கிறன். விடிய எழும்பினா உள்ளுக்குள்ள அஞ்சு ஈ, பத்து ஈ. அடிச்சுப் போட்டாலும் அடுத்த நாள் வரும். மாமி போனாப் பிறகு நிண்டுட்டு. இப்ப முந்தா நாளிலருந்து பஸ்னாட வலைக்குள்ள வருது. மௌத்து மாமிட கட்டிலிலருந்து பஸ்னாட கட்டிலுக்கு மாறிட்டு ராத்தா!”

நான் தறப்பாளைக் கீழே போட்டேன்.

“ஓதிப் பாக்கிற பரிசாரியக் கூட்டி வந்து காட்டின நாங்க. தலகாணியில கிடந்த விதையைக் கண்டுட்டு, இது ஆரோ செய்வினை செஞ்சு போட்ட விதை எண்டார். மாமிட தலகாணியிலயும் அதே விதைதான் கிடந்த. நான் கூட்டி எறிஞ்சனான், அப்ப எனக்கு விளங்கல்ல. பஸ்னாட ஸ்கார்ப்புக்கு மேல பச்ச நூலால ஏழு முடிச்சுப் போட்டுட்டுப் போயிரிக்கார். ஏழு நாளைக்கு அவிழ்க்கப்படாதாம். அவிழ்த்தா சுத்தி வர்றது தலைக்குள்ள இறங்கிடுமாம். இண்டைக்குத்தான் மூணாம் நாள். ஆனா அவளுக்குக் காய்ச்சல் அனலாக் காயுது ராத்தா. மாமிக்கும் இப்படித்தான்...”

இவளையா நான் பதினொரு நாள் ராட்சசி என்று நினைத்தேன்? இவளுக்கு ஒன்றுமே தெரியாது. விதை என்கிறாள். கூட்டைப் பார்த்து விதை என்று பயந்திருக்கிறாள்.

“அந்த விதை எப்படி இருந்திச்சு?” என்று கேட்டேன்.

“கபில நிறம். நெல்லுக் கணக்கில.”

கையைப் பிடித்துக் கடைசிப் பரணுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதிலும் நான் வலை போட்டு நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தேன். வலைக்குள் ஏழெட்டு ஈ பறந்துகொண்டிருந்தது. “இந்த வலைய நான் கட்டிப் பத்து நாள். இந்த ஈயெல்லாம் எங்கால வந்தது சொல்லு பாப்பம்.”

அவள் வலையைச் சுற்றிப் பார்த்தாள். தெரியாது என்று தலையாட்டினாள். வலையைத் தூக்கி, கருவாட்டுக்குக் கீழே விரித்திருந்த சாக்கின் மடிப்பை விரித்தேன். கபில நிறக் கூடுகள் வரிசையாகக் கிடந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதுதான்! இதேதான் ராத்தா! உங்களுக்கும் ஆரோ செஞ்சிரிக்காங்க!”

“எனக்குச் செய்வினை செய்யிறவன் இனித்தான் பிறக்கணும். வடிவாப் பாரு.”

அந்த நேரத்துக்கென்றே ஒரு கூட்டின் முனை மூடி போலத் திறந்தது. வெளிறிய ஈ ஒன்று நெற்றியை ஊதி ஊதிப் பெருப்பித்துக்கொண்டு, செட்டை சுருங்கியபடி, தன்னைத் தானே வெளியே இழுத்துப் போட்டது. ஹுஸ்னியா அதைப் பார்த்தாள். கருவாட்டைப் பார்த்தாள். அதில் நெளிந்த புழுவையும் பார்த்தாள்.

“அப்ப ஈ வெளியிலருந்து வரல்ல,” என்றாள் மெதுவாக.

“இல்ல.”

“உள்ளுக்குள்ள இரிந்தா வருது?”

“ஓம் புள்ள. அவள்ட தலையக் கடைசியா எப்ப அவிழ்த்துப் பாத்த?”

அவள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டு அழத் தொடங்கினாள். “கட்டில் ஹோல்லதானே ராத்தா. இவர்ட கூட்டாளிமார் வருவாங்க, மீற்றர் பாக்க வருவாங்க, ஆர் ஆரோ வருவாங்க. ஒருநாள் மாமிட ஸ்கார்ப் சரிஞ்சு கிடந்ததப் பாத்துட்டு, மருமகள் கிழவிய முடியத் திறந்து போட்டு வெச்சிரிக்காள் எண்டு ஊரெல்லாம் கதை. மாமிக்கும் கேட்டுட்டு, கண்ணால தண்ணி வந்திச்சு. அதுக்குப் பிறகு, ரெண்டு மாசம் இரிக்கும், ரெண்டு பேருக்கும் தொப்பி போட்டு இறுக்கிக் கட்டினனான். மேல கட்டுற ஸ்கார்ப்ப நாளைக்கு நாள் மாத்துவன். தொப்பியக் கழட்ட மாட்டன், முடி இழுபட்டா சத்தம் போடுவாங்க. எண்ணெயையும் அத்தரையும் தொப்பிக்கு மேலாலேயே தடவுவன்.”

முதுகைப் புரட்டிப் புரட்டித் துடைத்தவள், தலையை மட்டும் இரண்டு மாதம் மூடியே வைத்திருக்கிறாள். படுக்கையில் கிடப்பவள் இரவு பகலாகத் தொப்பியோடு கிடக்க வேண்டும் என்று மார்க்கம் எங்கும் சொல்லவில்லை. சொன்னது ஊர். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கொடுக்கக் கூடாது என்று அவள் கட்டிய கட்டு அது. அந்த ஊரில் நானும் ஒருத்தி.

ஓட்டோ பிடித்துப் போனோம். வீட்டு வாசலில் கால் வைத்ததும் அத்தர் வாசம். அதற்கு அடியில் இன்னொன்று. மூக்கைச் சுளிக்கவும் பயமாக இருந்தது. பஸ்னா வலைக்குள் கண்ணை மூடிக் கிடந்தாள். பச்சை நூல் அவள் நெற்றிக்கு மேலால் ஏழு முடிச்சோடு இறுகியிருந்தது. வலையின் உள்பக்கத்தில் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. எண்ணினேன். பன்னிரண்டு.

நான் கத்தரிக்கோல் கேட்டேன். ஹுஸ்னியா அலுமாரியைத் திறந்து எடுத்தாள். எடுத்தவள் தராமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

“அவர் வரட்டும் ராத்தா. அஞ்சு மணிக்கு வந்துடுவார்.”

“போன்ல கோல் எடுத்துச் சொல்லு.”

“ஏலாது. வேலைக்குள்ள போகக்குள்ள கேற்றில போன வாங்கி வெச்சிடுவாங்க. அவர் வந்து, ஆர் முடிச்ச அவிழ்த்த எண்டு கேட்டா? அவிழ்த்து இவளுக்கு ஏதும் ஆயிட்டா? மாமியையும் கொண்டுட்டன், இவளையும் கொண்டுட்டன் எண்டு சொல்ல மாட்டாங்களா?”

பஸ்னாவின் கழுத்தில் கை வைத்தேன். அடுப்பு மாதிரிச் சுட்டது. மணி பதினொன்றரை. ஐந்து மணி வரை என்றால் ஐந்தரை மணித்தியாலம். இவளிடம் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமியின் தலையில் நான் கண்டேன் என்று சொன்னால் கத்தரிக்கோலைத் தந்திருப்பாள். அது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“தா இங்க,” என்று கத்தரிக்கோலைப் பறித்தேன். “புருசன் கேட்டா, றஹ்மா வெட்டினாள் எண்டு சொல்லு. பரிசாரி கேட்டாலும் என்னட்ட அனுப்பு. இறங்குறது எதுவா இரிந்தாலும் என்ட தலையில இறங்கட்டும்.”

சொல்வதற்கு வீரமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் முடிச்சில் வைத்த கத்தரிக்கோலை என் கை திரும்ப எடுத்துவிட்டது. மையித்துகளோடு பதினெட்டு வருடம் பழகிய கை அது. மையித்துக்கு நோகாது. இவள் உயிரோடு இருந்தாள், அதுதான் பயம். நூலை வெட்டினேன். தலைத்துணியைக் கழற்றினேன். தொப்பி அசையவில்லை. வெந்நீரில் துணி நனைத்து வைத்து, கால் மணித்தியாலம் பொறுத்து, ஓரத்திலிருந்து வெட்டி வெட்டிப் பிரித்தேன். ஹுஸ்னியா பஸ்னாவின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொப்பியின் பின்பக்கம் கையோடு வந்தது. முடியோடு முடியாகக் கூடுகள் ஒட்டியிருந்தன. சில திறந்தவை, பல இன்னும் மூடியவை. அவற்றுக்குக் கீழே புண் இருந்தது. அது அசைந்தது. அதில் அசையாத இடமே இல்லை என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

ஹுஸ்னியா பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. “இவள் உம்மாவத் தேடி அழுறாள் எண்டு நினைச்சனே,” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். “தலையத் தேச்சுத் தேச்சு அழுதாளே. உம்மாவத் தேடுறாள் எண்டு நான் உம்மாட சாரியக் கொண்டுவந்து பக்கத்தில வெச்சனே ராத்தா.”

சுத்தமான துணியை நனைத்து மூடி, அதே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனோம். பஸ்னாவின் தலை என் மடியில். பாலத்தின் மேல் போகும்போது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

நல்ல டொக்டர். சின்ன வயது, தமிழ்ப் பெண். எங்களை ஏசவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து வெளியே வந்து, “உயிருக்குப் பயமில்லை. ஆனா கிருமி இரத்தத்தில கலந்திருக்கு, புண்ணும் ஆழமாப் போயிருக்கு. வெட்டித் துப்புரவு செய்து, தோல் வைத்துக் கட்ட வேண்டி வரும். ரெண்டு மாசமாவது இங்க இருக்க வேணும்,” என்றாள். பிறகு, அவளுக்கு அது சாதாரணக் கதைதானே, “ஒரு பத்து, பன்னிரண்டு நாளைக்கு முதல் கொண்டு வந்திருந்தீங்கள் எண்டா தோல் மட்டும்தான் போயிருக்கும். மருந்து கட்டி வீட்டுக்கே அனுப்பியிருப்பன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாங்கள் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பத்து, பன்னிரண்டு நாள் என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. ஹுஸ்னியா நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் வாங்கி வரலாமா என்று யோசித்தேன். தண்ணீருக்கு அல்ல, அவள் பக்கத்திலிருந்து எழும்புவதற்கு. பயம் என்றால் என்னவென்று அந்த வாங்கில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. புண்ணைப் பார்த்தபோது வந்தது இதில் கால்வாசிகூட இல்லை.

“ராத்தா,” என்றாள்.

“சொல்லு.”

“மாமிட தலைய நீங்கதானே கழுவின?”

“ஓம்.”

“மூணு பின்னல் போட்டது நீங்கதானே? நான் தூக்கப் போகக்குள்ள கையத் தட்டிவிட்டது நீங்கதானே?”

பொய் சொல்லலாம். மையித்தின் குறையை மறைக்கப் பொய் சொன்னாலும் குற்றமில்லை என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அதே குரல்தான் பதினொரு நாளும் பேசியது. “ஓம்,” என்றேன். “கண்டனான். சொல்லல்ல.”

அவள் என்னை ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசினால் வாங்கிக்கொள்வேன், ஏச்சுக்கு நான் பழக்கப்பட்டவள். அவள் ஏசவில்லை. நல்ல பிள்ளை அவள், அப்போதும் மரியாதையாகத்தான் பேசினாள்.

“மாமிட குறைய ஊருக்குக் காட்டாம மறைச்சீங்க. அதுக்கு அல்லாஹ் உங்கள மன்னிப்பான் ராத்தா,” என்றாள். “ஆனா வேலிக்கு வெளியில நிண்டு பஸ்னா சுகமா எண்டு ரெண்டு தரம் கேட்டீங்களே. அப்ப உங்களுக்குத் தெரியும்தானே?”



உள்ளே இருந்து “ம்ம்... ம்ம்...” என்ற சத்தம் கேட்டது. மருந்து மயக்கம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது. நானும் எழுந்தேன்.

“நீங்க இரிங்க,” என்று சொல்லிவிட்டு ஹுஸ்னியா மட்டும் உள்ளே போனாள்.